இந்த ஆணி பொய் சொல்லுது

பழைய சாப்பாட்டு மேஜைக்கு நான்கு மூலைகள். அதில் அடுக்களைப் பக்கம் இருந்த மூலை என் இடது இடுப்பைக் குறிவைத்தே செய்தது போலிருக்கும். சாம்பார்ச் சட்டியோடு திரும்பும்போது மாதத்துக்கு இரண்டு தடவையாவது இடித்துக்கொள்வேன். சின்னவனுக்கு இரண்டு வயதில் அது சரியாக நெற்றி உயரம். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் ஓடிவந்து அதில் மோதி, நெற்றியில் இரண்டு தையலோடு வீடு திரும்பினான். அன்று ராத்திரியே அறிவித்துவிட்டேன்: இனி இந்த வீட்டில் மூலை வைத்த மேஜை கிடையாது.

அறிவிப்பது சுலபம். மாற்று என்ன?

கணவர் வட்டம் என்றார். எங்கள் சாப்பாட்டு இடம் நீளவாக்கில் கிடக்கிறது, வட்டம் போட்டால் ஒன்று சின்னதாகப் போட வேண்டும், இல்லையென்றால் நடக்க வழி இருக்காது. நான் நீள்வட்டம் என்றேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் நாலைந்து செய்தித்தாளை ஒட்டி, ஆறடிக்கு நாலடி முட்டை ஒன்றைக் கத்தரித்துத் தரையில் விரித்தார். அதன்மேல் எட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பரப்பினார். நீளப்பக்கங்களின் ஓரத்தில் வைத்த நாலு தட்டும் பாதி காகிதத்துக்கு வெளியே.

"பாரு, விருந்தாளி வந்தா இந்த நாலு பேரு தட்டை மடியிலதான் வெச்சுக்கணும்."

கட்டுரையை இங்கேயே முடித்து, அத்தை சொல்லாமல் சொன்ன செவ்வகத்தையே வாங்கியிருக்கலாம். ஆனால் எனக்குத் தொழிலே மூலைகளை உருட்டுவது. கைப்பேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறேன். பட்டன், அட்டை, படச்சட்டம் என்று நாள் முழுக்க நான் வரைவதெல்லாம் மூலை மழுங்கிய செவ்வகங்கள். மூலைக்கு ஆரம் 8, 12, 16 என்று எண்ணைத் தட்டினால் போதும், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். அப்படியே மேஜைக்கும் வரைந்தேன். ஆறடிக்கு நாலடி, மூலை ஆரம் 12 அங்குலம். ஐந்து நிமிட வேலை. அத்தைக்கு இடம், எனக்கு இடுப்பு.

கோவையில் வடவள்ளிப் பக்கம் ஒரு சந்தில் மரவேலை செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டு அலமாரிகளெல்லாம் அவர் கைவேலை. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "ஒரு மூலையை மட்டும் துண்டுப் பிளைவுட்டுல வெட்டிக் காட்டறனுங்க அம்மிணி. அப்புறமா முழுசா வெட்டிக்கலாம்" என்றார். இரண்டு நாளில் அந்தத் துண்டு தயார். 19 எம்எம் பிளைவுட், விளிம்பில் பளபளக்கும் வெள்ளை மைக்கா பட்டி ஒட்டியிருந்தார். வெட்டில் ஒரு குறை சொல்ல முடியாது.

அவர் அதைத் தூக்கி மேஜைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை விளிம்பின்மேல் மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அங்கே ஒரு கோடு போட்டார். மறுபடி ஓட்டினார், வளைவின் மறுமுனையில் இன்னொரு கோடு.

"இங்கயும் இங்கயும் ஒரு இடி இருக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நேர்க்கோடு முடிகிற இடமும் வட்ட வில் தொடங்குகிற இடமும் அவை. வில்லின் தொடுகோடு நேர்க்கோட்டோடு அப்படியே ஒன்றிப்போகிற மாதிரிதான் வரைந்திருந்தேன். முறிவு இல்லை, முனை இல்லை. கணக்குப்படி வழவழப்பு. என் விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. "வெட்டினதுல ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

அவர் துண்டைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். மைக்கா விளிம்பில் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. நேர்ப்பகுதியில் நிதானமாக வந்த கோடு, பென்சில் போட்ட இடத்தில் சட்டென்று திசை மாறி, குறுகி, வளைவுக்குள் போனது. உடையவில்லை, ஆனால் மடங்கியது. பார்த்தபிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கார் கம்பெனிகளில் வடிவமைப்பாளர்கள் கணினியில் உள்ள வண்டி உடம்பின்மேல் வரிக்குதிரைக் கோடுகளைப் படரவிட்டுச் சோதிப்பது இதே காரியம்தான். இரண்டு பரப்பு சேருமிடத்தில் கோடு துண்டானால் முறிவு, மடங்கினால் இடி, வழுக்கிக்கொண்டு போனால் சரி.

இந்த இடி என்ன என்று புரிய வால்பாறை போனால் போதும். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநரின் கையைப் பாருங்கள். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறதோ அவ்வளவுதான் சாலை அந்த இடத்தில் வளைந்திருக்கிறது. நேர்ச்சாலை என்றால் திருப்பம் பூஜ்யம். வட்டத்தில் போனால் ஸ்டியரிங் ஒரே நிலையில் நிற்கும். நேர்க்கோட்டோடு வட்ட வில்லை அப்படியே ஒட்டிப் போட்ட சாலையில், ஒட்டு வந்த கணமே ஸ்டியரிங் பூஜ்யத்திலிருந்து அந்த நிலைக்குத் தாவ வேண்டும். இடையில் நேரமே கிடையாது. எந்த ஓட்டுநராலும் அது ஆகாது. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார், கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். சாலையின் திசை தொடர்ச்சியாக இருக்கிறது, வளைவின் அளவு தாவுகிறது. அந்தத் தாவலைத்தான் அண்ணனின் கட்டைவிரல் பிடித்தது.

ரயில்காரர்களுக்கு இது ரொம்ப நாளாகத் தெரியும். நேர்த் தண்டவாளத்தை வட்ட வளைவோடு சும்மா சேர்த்தால் பெட்டி குலுங்கும், தண்டவாளமும் தேயும். அதனால் நடுவில் ஒரு மாறுநிலை வளைவைச் செருகுவார்கள், அதில் வளைவு பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறும். நம் இந்திய ரயில்வே அதற்கு முப்படிப் பரவளைவு என்கிற வகையைப் பயன்படுத்துகிறது. ரயிலில் எத்தனையோ முறை வளைவில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். என் தூக்கத்தைக் காப்பாற்றியது இந்த வளைவு என்று இப்போதுதான் தெரிகிறது.

இதில் எனக்கு வெட்கமான சங்கதி ஒன்று உண்டு. ஆப்பிள் 2013-இல் ஐபோனுக்கான இயங்குதளம் ஐஓஎஸ் 7-ஐக் கொண்டுவந்தபோது ஐகான்களின் மூலையைச் சத்தமில்லாமல் மாற்றியது, வெறும் வட்ட வில்லுக்குப் பதில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. நான் தினமும் வேலை செய்கிற வடிவமைப்பு மென்பொருள் ஃபிக்மாவிலும் 'கார்னர் ஸ்மூத்திங்' என்று ஒரு குமிழ் இருக்கிறது, அதில் 60 சதவீதத்தில் ஐஓஎஸ் என்று அடையாளமே போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக அதைப் பூஜ்யத்திலேயே விட்டுவைத்திருந்தேன். அழகுக்கு ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பு. வடவள்ளிச் சந்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அது எதற்கென்று காட்டிவிட்டார்.

அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். தேடிப்போனது மேஜைக்கு வடிவம், போய் நின்றது ஸ்டாக்ஹோம் நகரத்தின் நடுவில்.

அங்கே செர்கல்ஸ் டோரி என்று ஒரு சதுக்கம். பதினெட்டாம் நூற்றாண்டுச் சிற்பி யூஹான் டோபியாஸ் செர்கல் பெயரில். 1950-களில் நகரத்தின் பழைய நடுப்பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை தொடங்கியபோது, இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கிற இடத்தில் செவ்வகமாக ஒரு வெற்றிடம் கிடைத்தது. வண்டிகள் அதைச் சுற்றிப் போக வேண்டும், நடுவில் தடாகம், கீழே கடைகள். என்ன வடிவம்? நீள்வட்டம் வரைந்து பார்த்தார்கள். இரு முனைகளும் கூராகிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல், செவ்வக இடமும் மூலைகளில் வீணாகிறது. அத்தையின் தட்டுப் பிரச்சினை, அளவு மட்டும் பெரிது. பிறகு எட்டு வட்ட விற்களை ஒட்டுப்போட்டு ஒரு வளைவு செய்து பார்த்தார்கள். அது ஒட்டுப்போட்டது போலவே இருந்தது, விற்கள் சேருமிடங்களில் வளைவு தாவியது. இதைப் படித்தபோது எனக்கு வந்த ஆறுதலைச் சொல்லி மாளாது. ஒரு தலைநகரத்தின் திட்டக்காரர்கள் செய்த அதே தப்பைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

1959-இல் அவர்கள் டென்மார்க்கிலிருந்த பியட் ஹைனிடம் போனார்கள். இவரை என்ன தொழில் என்று சொல்வது? கவிஞர். ஜெர்மானியர் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் நாளிதழில் நாலைந்து வரிக் கவிதைகளாகக் குத்திக்கொண்டே இருந்தவர், அந்தக் குட்டிக் கவிதைகளுக்கு 'குரூக்' என்று பெயர் வைத்தவர். கணக்கும் பொறியியலும் தெரிந்தவர். அறுகோணக் கட்டங்களில் ஆடும் 'ஹெக்ஸ்' விளையாட்டை 1942-இல் உண்டாக்கியவர். இப்படிப்பட்ட ஒருவரிடம் சாலைச் சந்திப்பைக் கொடுக்க ஒரு நகராட்சிக்குத் தோன்றியதே பெரிய விஷயம்.

அவர் கொடுத்த விடை ஒரு சின்ன எண். அதைச் சொல்ல நீள்வட்டத்தின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். பயப்பட வேண்டாம், ஒரு பத்திதான்.

மேஜையின் நடுவில் நில்லுங்கள். விளிம்பில் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்து, அது நீளவாக்கில் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து அதைப் பாதி நீளத்தால் வகுங்கள். அகலவாக்கிலும் அப்படியே, பாதி அகலத்தால். கிடைத்த இரண்டு எண்களையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 1 வர வேண்டும். விளிம்பின் எல்லாப் புள்ளியிலும் அப்படி வந்தால் அது நீள்வட்டம். வர்க்கம் என்றால் அடுக்கு 2. அந்த 2-ஐ மாற்றினால்? அடுக்கு 1 என்றால் நாலு நேர்க்கோடுகள், வெறும் சாய்சதுரம். ஒன்றுக்கும் கீழே போனால் பக்கங்கள் உள்ளே குழிந்து நட்சத்திரம். 2-ஐத் தாண்டினால் தோள்கள் புடைக்க ஆரம்பிக்கும். 3, 4, 10 என்று ஏற ஏறச் செவ்வகத்தை நெருங்கும், ஒருநாளும் செவ்வகமாகாது. நீள்வட்டத்துக்கும் செவ்வகத்துக்கும் நடுவில் எத்தனை வேண்டுமோ அத்தனை வடிவங்கள். ஹைன் எடுத்தது 2.5. செர்கல்ஸ் டோரியில் நீளத்துக்கும் அகலத்துக்கும் விகிதம் 6-க்கு 5.

இந்தக் குடும்பத்து வளைவுகளை முதலில் எழுதியவர் ஹைன் இல்லை. பிரெஞ்சுக் கணிதர் கப்ரியேல் லாமே 1818-லேயே எழுதிவிட்டார். ஈஃபில் கோபுரத்தில் பொறித்திருக்கிற 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. ஹைன் செய்தது, அந்த வரிசையில் கையை விட்டு 2.5-ஐப் பொறுக்கி எடுத்து, 'சூப்பர் எலிப்ஸ்' என்று ஒரு பெயரும் வைத்தது. தமிழில் மீநீள்வட்டம் என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் நுழைகிறது. அத்தை அதை 'உன்ற ரெண்டரை மேஜை' என்கிறார். அதுவே இன்னும் துல்லியம்.

ஏன் 2.5? 2.4 கூடாதா? இதற்குக் கணித நிரூபணம் எதுவும் கிடையாது. ஹைனின் கண்ணுக்கு அது பிடித்தது, அவ்வளவுதான். சில இணையப் பக்கங்கள் இதைப் பொன் விகிதம் மாதிரி இயற்கையின் ரகசியமாக்கி ஊதுகின்றன. எனக்கு அந்த ஊதலில் நம்பிக்கையில்லை. இதே சாயலில் வளைந்த எழுத்துகளை எழுத்து வடிவமைப்பாளர் ஹெர்மன் சாப்ஃப் தன் மெலியோர் எழுத்துருவில் 1952-லேயே வரைந்துவிட்டார். எங்கள் வீட்டுப் பழைய கறுப்பு வெள்ளை டிவியின் முகம்கூட ஏறக்குறைய இந்தச் சாயல்தான். கண் பழகிய வடிவம், அதற்கு ஒருவர் கடைசியில் ஒரு எண்ணைப் பிடித்துக் கொடுத்தார்.

ஆனாலும் சோதித்துப் பார்த்தேன். 2.2, 2.5, 3, 4 என்று நாலு செய்தித்தாள் வெட்டி வரிசையாகத் தரையில் போட்டோம். 4 சோப்பு டப்பா. 3 மோசமில்லை, ஆனால் ஏதோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருந்தது. 2.2 வெட்கப்படுகிற நீள்வட்டம். கணவர் 3 என்றார், சின்னவன் எல்லாவற்றின் மேலும் படுத்துப் பார்த்தான். அத்தை தட்டுகளோடு வந்தார். 2.5-இல் நாலு தட்டும் காகிதத்துக்குள் உட்கார்ந்தன. வழக்கு முடிந்தது. கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஆறடிக்கு நாலடிச் செவ்வகம் 24 சதுர அடி. நீள்வட்டமாக வெட்டினால் மிஞ்சுவது 18.85. இந்த வடிவத்தில் 20.3. ஒன்றரைச் சதுர அடிதான் கூடுதல். ஆனால் அது முழுக்க அந்த நாலு தட்டும் தொங்கிய இடத்தில்தான் வந்து சேர்கிறது. நடுவிலிருந்து நீளவாக்கில் இரண்டடி தள்ளிப் போனால் நீள்வட்டத்துக்குப் பாதி அகலம் 18 அங்குலம்கூட இல்லை. இதில் 20.

மேஜை வடிவத்துக்கு ஒரு வீடு இவ்வளவு சண்டை போடுமா என்று சிரிக்க வேண்டாம். வியட்நாம் போரை நிறுத்தப் பாரிஸில் பேச உட்கார வேண்டியவர்கள், எந்த வடிவ மேஜையில் உட்காருவது என்பதிலேயே 1968 கடைசியிலிருந்து 1969 ஜனவரி வரை வாரக்கணக்கில் முட்டிக்கொண்டார்கள். யார் யாருக்குச் சமம் என்பது மேஜையில் தெரிந்துவிடும் என்ற பயம். கடைசியில் ஒரு வட்ட மேஜை, அதன் இருபுறமும் சற்றுத் தள்ளி இரண்டு சின்னச் செவ்வக மேஜைகள் என்று முடிந்தது. எங்கள் வீட்டில் பத்து நாளில் முடிந்தது.

அடுத்த சிக்கல், இதை மரத்தில் எப்படிப் போடுவது?

நீள்வட்டத்துக்கு வழி ஆசாரிமார் எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஆணி, ஒரு நூல், நூலை இறுக்கிப் பிடித்துப் பென்சிலைச் சுற்றினால் தீர்ந்தது. ரெண்டரை மேஜைக்கு அப்படி ஒரு நூல் கிடையாது. புள்ளி புள்ளியாகத்தான் போட வேண்டும். நான் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், நடுவிலிருந்து நீளவாக்கில் 12 அங்குலத்தில் பாதி அகலம் இவ்வளவு, 18-இல் இவ்வளவு என்று. அவர்களுக்குத் தசம எண் ஆகாது. அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல், அதுதான் பட்டறைக் கணக்கு. 12-க்கு 23 அங்குலம் 3 நூல். 18-க்கு 22 அங்குலம் ஒன்றரை நூல். 24-க்கு 20. 30-க்கு 16 அங்குலம் 5 நூல். 33-க்கு பன்னிரண்டரை. 35-க்கு 8 அங்குலம் ஒன்றரை நூல். கடைசியில் 36, பூஜ்யம்.

முழு மேஜைக்கும் வேண்டாம், கால்வாசிக்கு ஒரு அச்சு போதும் என்றார் அண்ணன். அதைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் வைத்து வரைந்துகொள்ளலாம். 4 எம்எம் பிளை ஒன்றில் மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்து, ஒவ்வொரு புள்ளியிலும் தலையில்லாத சின்ன ஆணி அடித்தார். பிறகு ஒரு மூங்கில் பிளாச்சை எடுத்தார், சுண்டுவிரல் அகலம், முழுநீளமும் ஒரே கனமாகச் சீவி உப்புத்தாள் போட்டது. அதை ஆணிகளின் மேல் சாய்த்து வளைத்தார்.

பிளாச்சு எல்லா ஆணியிலும் உட்கார்ந்தது, 30-ஆவது அங்குலத்து ஆணியைத் தவிர. அந்த ஒரு ஆணி பிளாச்சை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதைத் தொட வைத்தால் இரண்டு பக்கத்து ஆணிகளிலிருந்தும் பிளாச்சு விலகியது. பக்கத்து ஆணிகளில் அழுத்தினால் நடுவில் புடைத்தது.

"இந்த ஆணி பொய் சொல்லுதுங்க அம்மிணி."

"இல்லைங்ணா, கணக்குப் போட்டுத்தான் எழுதினேன்."

"கணக்கு செரியா இருக்கும். இந்த ஆணி செரியில்லீங்க. பக்கத்து ஆணி ரெண்டும் ஒண்ணு சொல்லுது, இது வேற சொல்லுது."

அரை அங்குலம் உள்ளே இருக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். நான் கைப்பேசியை எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். விடை 16.06. நான் தாளில் எழுதும்போது பூஜ்யத்தை விட்டு 16.6 என்று படித்து, அதை 5 நூலாக்கியிருந்தேன். சரியான விடை 16 அங்குலம் அரை நூல். வித்தியாசம் நாலரை நூல், அவர் விரல் காட்டிய அதே அரை அங்குலம். அடுக்குக் கணக்கை அவர் பார்த்ததில்லை, 2.5 என்றால் என்னவென்று கேட்கவும் இல்லை. ஆணியைப் பிடுங்கி அடித்தார், பிளாச்சு சத்தமில்லாமல் படிந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனது என்று சொன்னால் மிகை, ஆனால் பல நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளியைத் தனியாக வைத்துக்கொண்டு அது சரியா தப்பா என்று சொல்லவே முடியாது. 16.6 என்பது தனியாக ஒரு குற்றமும் இல்லாத எண். அக்கம்பக்கத்தோடு வைத்தால்தான் குட்டு வெளிப்படும். வழவழப்பு என்று நாம் சொல்வது ஒரு புள்ளியின் குணமே அல்ல, பக்கத்துப் புள்ளிகளோடு அது நடந்துகொள்கிற விதம். என் முதல் வடிவத்தில் நேர்க்கோடும் நல்லது, வட்ட வில்லும் நல்லது, கெட்டது அவற்றின் அக்கம்பக்கம்.

மூங்கிலுக்கு இது எப்படித் தெரியும்? வளைக்கப்பட்ட பிளாச்சு எங்கேயும் தேவைக்கு மேல் வளைய விரும்பாது. ஆணிகள் பிடித்திருக்கிற கட்டாயத்துக்குள் வளைவைத் தன் நீளம் முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ளும். அதனால் அதன் வளைவு ஓரிடத்தில் தாவுவது நடக்காத காரியம். கப்பல் கட்டுகிறவர்கள் இதே வேலையை முழு அளவில் செய்தார்கள், நீண்ட மெல்லிய பட்டியை ஈயக் குண்டுகளால் தரையில் பிடித்து வைத்து, கப்பலின் விலா எலும்புகளை வரைந்தார்கள். அந்தப் பட்டிக்கு ஆங்கிலத்தில் ஸ்பிளைன் என்று பேர். ஐசக் ஷோன்பர்க் என்ற கணிதர் 1946-இல் அந்தப் பேரையே எடுத்துத் தன் சமன்பாடுகளுக்கு வைத்தார். பிறகு கார் உடம்பு வரைய சிட்ரோயனில் போல் த காஸ்டெல்ஷோ 1959-இலும், ரெனோவில் பியர் பெஸியே அதையொட்டியும், கணினிக்கு ஏற்ற வளைவுகளைக் கண்டார்கள். இன்று நான் திரையில் இழுக்கிற ஒவ்வொரு கோடும், நீங்கள் இப்போது படிக்கிற இந்தத் தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு சுழியும் அவர்கள் வழிவந்த வளைவுகள்தான். பட்டறையில் இருக்கிற பாட்டன் மட்டும் மூங்கில் பிளாச்சு.

மேஜை ஒன்றரை வாரத்தில் வந்தது. மேலே சாம்பல் நிற மைக்கா, சுற்றிலும் தேக்குப் பட்டி. அச்சை நாலு தடவை திருப்பி வைத்து வரைந்ததால் நாலு ஒட்டு இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்தின் நட்டநடுவிலும் ஒன்று. தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. அதற்கும் காரணம் உண்டு. அடுக்கு 2-ஐத் தாண்டியவுடன் இந்த வடிவத்தின் நாலு நடுப்புள்ளிகளிலும் வளைவு சரியாகப் பூஜ்யம். இரண்டு பக்கமும் பூஜ்யத்தில் வந்து கைகுலுக்குகின்றன, தாவ ஒன்றுமில்லை. சமச்சீரும் சும்மா கிடைக்கிறது. 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி ஸ்வீடன் நாடே ஒரே நாளில் இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஹைனுக்குக் கவலையில்லை, அவர் வளைவை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் ஸ்டியரிங்குக்கு ஒரே கதைதான்.

அந்தப் பூஜ்யத்தை வைத்து ஹைன் ஒரு வேடிக்கையும் செய்தார். இதே வளைவை அதன் நீளவாக்கு நடுக்கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் ஒரு முட்டை வரும், உயரமும் அகலமும் 4-க்கு 3. அந்த முட்டை நட்டுக்குத்தலாக நிற்கும். ஆசையை அடக்க முடியாமல், மேஜையில் மிஞ்சிய தேக்கில் ஒன்று செய்து தரக் கடைசல்காரரிடம் கொடுத்தேன். 4 அங்குல உயரம், 3 அங்குல அகலம். முதலில் நிற்கவில்லை, கடைசல் பிடித்த இடத்தில் ஒரு மொட்டு மிச்சமிருந்தது. உப்புத்தாளால் அதை இழைத்தபின் நின்றது. தட்டினால் ஆடிவிட்டு மறுபடி நிற்கிறது. சாதாரண நீள்வட்ட முட்டை இதே அளவில் இருந்தால் அதன் உச்சியின் வளைவு ஆரம் ஒன்றேகால் அங்குலம்கூட வராது, எடையின் மையமோ 2 அங்குல உயரத்தில், சாய்ந்தே தீரும். இதன் உச்சியில் வளைவு பூஜ்யம், அதாவது ஆரம் முடிவிலி. நிற்காமல் என்ன செய்யும்? சின்னவன் இப்போது பள்ளிக்கூட நண்பர்களைக் கூட்டி வந்து நிஜ முட்டையைக் கொடுத்து, "நீ நிக்க வை பாக்கலாம்" என்று பந்தயம் கட்டுகிறான். முட்டைச் செலவு கூடியிருக்கிறது.

இடுப்பு? ஒரு வருஷமாக இடிக்கவில்லை. இடித்தாலும் வலிக்காது என்பது வேறு.

அண்ணன் கூலி வாங்க வந்த அன்று, வெட்டி எடுத்த நாலு மூலைத் துண்டுகளையும் சாக்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் கச்சிதமான செங்கோணம், மறுபக்கம் உள்ளே குழிந்த வளைவு. "நல்ல பிளைவுட்டுங்க, தூக்கிப் போட மனசு வல்லீங்க." நான் அதை என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் அத்தை ஒன்றை எடுத்துப் பூஜை அறைச் சுவர் மூலையில் வைத்துப் பார்த்தார். அப்படியே பொருந்தியது. வால்களை இரண்டு பக்கமும் நறுக்கி, எல் பட்டி போட்டு மாட்டச் சொன்னார். இப்போது அதில் காமாட்சி விளக்கு எரிகிறது. இன்னொன்றில் இணைய ரவுட்டர், மூன்றாவதில் அவருடைய மாத்திரை டப்பா.

நாலாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இடத்துக்கு அறை அறையாகத் தேடிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மூலையே வேண்டாம்னியே. இத்தனை மூலை இருக்குது பாரு."

அது இப்போது அடுக்களையில், அடுப்புக்கு மேலே, பெருங்காய டப்பாவோடு இருக்கிறது. தலையில் இடிக்கிற உயரம்.